பின்னால் நிற்பவர் எண்ண வேண்டாம்

அன்பு மருமகளுக்கு,

மாமா இங்கிருந்து சொல்லும் ஸலாம் கடல் தாண்டி, வழியில் கொஞ்சமும் குறையாமல் உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் வந்து சேரட்டும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். சும்மா நலம் இல்லை. போன மாதம் கம்பெனியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், இருபத்தைந்து வயசுக்காரனுக்குக்கூட இப்படி இருக்காது என்று எழுந்து நின்று சொன்னாள். உட்கார்ந்துதான் சொன்னாள். ஆனால் எழுந்து நிற்கிற மாதிரி சொன்னாள்.

போனில் நீ கேட்டாய், மாமி ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கிறார்களே, மறைக்காமல் சொல்லுங்கள் மாமா என்று. நான் பேச்சை மழைக்குத் திருப்பிவிட்டேன். போன் பேசும்போது அவள் என் தோளை ஒட்டி நிற்பாள், அதனால்தான். அதனால்தான் இந்தக் கடிதமும். அட்டைப்பெட்டி கம்பெனியில், என் மெஷினுக்குப் பக்கத்தில், பெட்டி அடுக்கின் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் மெஷின் ஆடுகிறது என்று எடுத்துக்கொள். ஏழாவதோடு நிறுத்தினாலும் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார்களே காப்பி அடித்தார்கள்.

உன் மாமிக்கு மறதி வந்திருக்கிறது. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மாத்திரை கொடுத்திருக்கிறார். போனது திரும்பாது, இனிமேல் போவதை மெதுவாக்கும், அவ்வளவுதான் என்றார். நான் அவரோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். சரி, பத்து நிமிஷம்.

விஷயம் முதலில் வெளிப்பட்டது சமையலில் இல்லை, தொழுகையில். நாற்பது வருஷமாக ஐந்து வேளையில் ஒரு வக்துகூட விடாதவள் அவள். என் தங்கச்சி, உன் அம்மா போன பிறகு உன்னை மடியில் போட்டுக்கொண்டு தஸ்பீஹ் ஓதினவள். ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழ நின்றாள். மூன்று ரக்அத்தோடு முடிக்க வேண்டியது. நான் நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். நாலாவதுக்கும் எழுந்தாள், ஐந்தாவதுக்கும் எழுந்தாள். முடித்துவிட்டு, எத்தனை தொழுதேன் என்று என்னைக் கேட்டாள். எல்லாம் சரியாத்தான் தொழுதே என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவளுக்கே சந்தேகம் வந்து திரும்பத் தொழுதாள். மறுபடி சந்தேகம், மறுபடி தொழுகை. அப்புறம் விரிப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். சோத்துல உப்பு மறந்தா நீங்க ரெண்டு வார்த்தை திட்டுவீங்க, அதோட போச்சு, படைச்சவன்கிட்ட கணக்குத் தெரியாம நின்னா எந்த மூஞ்சியோட நிப்பேன் என்றாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் விரிப்பை எடுக்கவே இல்லை. பள்ளியில் பாங்கு சொல்கிறார்கள், அவள் அடுப்படியில் வெறும் கையோடு நிற்கிறாள். டாக்டர் படத்தைக் காட்டியபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை, மருமகளே.

விடுகிற ஆளா நான்? எங்கள் மெஷினில் தாள் எண்ணும் மீட்டர் ஒன்று உண்டு. பழையதாகிக் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்து, விரிப்புக்கு அடியில் பலகை வைத்து, நெற்றி பட்டால் ஒரு எண் ஏறுகிற மாதிரி பொருத்தினேன். இரண்டு ஸஜ்தாவுக்கு ஒரு ரக்அத், வகுத்துக்கொள் என்று விளக்கினேன். உலகத்தில் யாருக்கும் தோன்றாத கண்டுபிடிப்பு. முதல் ஸஜ்தாவில் அது டக் என்றது, அவள் சிரித்துவிட்டாள். தொழுகை முறிந்து மறுபடி ஆரம்பித்தாள். முடித்ததும் மீட்டர் நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. எங்க ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருந்தா எனக்கு இது எதுக்குங்க என்றாள். மறதி அந்த வாயை மட்டும் தொடவில்லை.

கடைசியில் பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத்திடம் போனேன். அவருக்கு என்னைத் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, கடைசி வரிசையில், செருப்புக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பின்னால் நின்று தொழுகிறவர் எண்ண வேண்டாம், முன்னால் நிற்கும் இமாமைப் பின்பற்றினால் போதும், வீட்டில் ஒரு இமாமை நிறுத்துங்கள் என்றார். ஐந்து வேளையும் வீட்டுக்கு வருகிற இமாம் எங்கே கிடைப்பார் என்று நிஜமாகவே விசாரித்தேன். அவர் என்னையே பார்த்தார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் தூண்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அஸரிலிருந்து நான் இமாம். அவள் எனக்குப் பின்னால். நான் குனிந்தால் குனிகிறாள், எழுந்தால் எழுகிறாள், ஸலாம் கொடுத்தால் முடிந்தது. முதல் நாள் தொழுது முடித்ததும், இன்னைக்கு மனசு லேசா இருக்குங்க என்றாள். விடியலில் சுபுஹுக்கு இப்போது நான்தான் அவளை எழுப்புகிறேன். லுஹருக்குக் கம்பெனியிலிருந்து பைக்கில் பதினோரு நிமிஷத்தில் வந்துவிடுவேன். வேறு எவனாலும் இருபதுக்குக் குறையாது. எங்கள் சூப்பர்வைசரை விசில் என்போம், வாயைத் திறப்பதைவிட ஊதுவதுதான் அதிகம். அவரே வாய் திறந்து, என்ன பாய், மத்தியானம் ஆனா புது மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு ஓடுறீங்க என்று கேலி பண்ணினார். வீட்ல தொழ ஜமாஅத் காத்திருக்கு என்றேன். எத்தனை பேர் என்றார். ஒருத்தர் என்றேன். அதற்குப் பிறகு நேரம் ஆனதும் அவரே எனக்கு விசில் கொடுக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தவள், சிலிண்டரை உள்ளே வச்சிட்டுப் போங்க தம்பி என்றாள். தம்பி என்றதில் எனக்குச் சந்தோஷம்தான். வயசு குறைந்து தெரிகிறது என்று அர்த்தம். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

அன்று மஃரிபில், புதிதாக மனப்பாடம் செய்த சூராவை எடுத்தேன். உன் கல்யாணத்தில் பாதி குர்ஆன் தெரியும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேனே, அது நாலு சின்ன சூரா. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நடுவில் ஒரு ஆயத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து பட்டென்று ஒரு கைதட்டு. இமாம் தவறினால் பெண்கள் அப்படித்தானே உணர்த்துவார்கள். திரும்ப ஓதினேன், அதே இடத்தில் வழுக்கினேன், மறுபடி தட்டு. மூன்றாம் தரம் சரியாக வந்தது. முடித்துத் திரும்பினால் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்லா ஓதத் தெரிஞ்ச மாப்பிள்ளைன்னு சொல்லித்தானே எங்க வீட்ல பொண்ணு கேட்டீங்க என்றாள். காலையில் என்னைத் தொலைத்தவள் அல்லாஹ்வுடைய வார்த்தையில் ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. எனக்குப் பொறாமை இல்லை. நல்ல இடத்தில்தான் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இன்னொன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் அஸர் நேரத்தில் மாத்திரையின் அசதியில் தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. ஜமாஅத்தே இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டுத் தனியாக நின்றேன். பார்க்க ஆள் இல்லை, தட்டவும் ஆள் இல்லை. ஸஜ்தாவில் தலையை வைத்தவன், அல்லாஹ்விடம் எதையும் கூட்டிச் சொல்லாமல், எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எழுந்தபோது பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் நான் தனியாக இல்லை. அறுபது வருஷமாகத் தெருவில் பார்த்துத் தலையாட்டிப் போன ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் சொன்னது தப்பாக இருந்தால் அல்லாஹ் மன்னிக்கட்டும். என் படிப்பு அவ்வளவுதான் என்று அவனுக்குத் தெரியும்.

டிக்கெட் போடுகிறேன், மாமியை நானே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். உன் மனசு பெரிது. வேண்டாம்மா. ஒளு செய்யும் குழாய் எது, எந்தச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது இன்னும் அவள் காலுக்குத் தெரியும். புது வீட்டில் அதையும் தேட வேண்டிவரும். நீ வா. அவள் பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்து நிற்க இடம் இருக்கிறது. அவள் உன்னை யாரென்று கேட்டால் வருத்தப்படாதே, பாங்கு சொல்லும் வரை பொறுத்துக்கொள்.

எனக்காக ஒரே ஒரு துஆ கேள். நூறு வயசு கேட்க வேண்டாம், என் உடம்புக்கு அது தானாகவே வரும். அவள் தன் கடைசித் தொழுகையில் ஸலாம் கொடுக்கிற வரைக்கும் அவளுக்கு முன்னால் ஒரு முதுகு இருக்க வேண்டும், அது என் முதுகாக இருக்க வேண்டும், அதற்கு ஒரு வக்து பிந்தி என்னை எடுத்துக்கொண்டால் போதும் என்று கேள். ஐந்து வேளையும் கேள், மருமகளே.

உன் மாமா