பெட்டியில் இருக்கும் சேலை

பெங்களூர்
2.12.2007

அன்புள்ள பொன்மணி அக்காவுக்குத் தம்பி பாண்டி எழுதுவது.

அம்மா போய் ஐம்பது நாள் ஆகிறது. சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அய்யாவுக்கு இருமல் குறைந்ததா? மாத்திரையை அவர் கையில் கொடுக்காதே, விழுங்கும்வரை நின்று பார். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியைத் திரும்பவும் திறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நீ அங்கே போகாதே அக்கா. தீப்பெட்டி ஒட்டியாவது பிழைத்துக்கொள்ளலாம்.

என் ஆராய்ச்சி கெட்டுக் கிடக்கிறது. கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சுப் பூசி, வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். பிறகு அதன்மேல் படியவைக்கும் மூலக்கூறுகள் தேய்த்த திசையிலேயே வரிசையாகப் படுத்துக்கொள்ளும். வரிசை சரியாக அமைந்தால் அந்தப் படலத்தில் மின்சாரம் நன்றாக ஓடும். நாளைக்குச் சுருட்டி வைக்கிற டிவி திரைகூடச் செய்யலாம். இதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏலே, தேய்க்கதுக்கா இம்புட்டுப் படிச்ச? எங்க கம்பெனில தேச்சா ஆளே இருக்க மாட்டோம்லே" என்றாள். இப்போது பாதித் தகட்டிலேயே என் கை நின்றுவிடுகிறது.

துணி உரசினால் மின்னேற்றம் வரும். அது தகட்டைக் கெடுக்கும் என்று, அதைப் போக்க ஒரு காற்றூதியே வைத்திருக்கிறோம். தினமும் அதைப் போடுகிறவன் நான். வெடிமருந்து செலுத்துகிற அறைக்குப் பொறி கிளப்பாத பருத்திச் சேலைதான் கட்டிப் போக வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவனும் நான்தான். முதல் உதவித்தொகையில் அம்மாவுக்குப் பளபளவென்று பாலியஸ்டர் சேலை வாங்கியபோது இதெல்லாம் எங்கே போயிற்று? மடிப்புக் கலையாது என்று கடைக்காரன் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. இருக்கன்குடிக் கோயிலுக்குக் கட்ட வேண்டுமென்று பெட்டியில் வைத்தவளை, "பூச்சி அரிக்கவா வாங்குனேன்? வேலைக்கே கட்டிட்டுப் போம்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்று போனில் சத்தம் போட்டேன். பதினொரு நாளில் அறை வெடித்தது. தீபாவளி சீசன் நேரம், வாசலில் சேலையைப் பார்த்து உள்ளே விட யார் நின்றிருப்பார்கள்?

ஊருக்கு வந்தபோது அவளைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். அன்று எந்தச் சேலை கட்டிப் போனாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. போனிலும் வாய் வரவில்லை. டிபன் பாக்ஸ் கிடைத்ததை எழுதினாய், செருப்பு கிடைத்ததை எழுதினாய். சேலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பெட்டியைத் திறந்து பார் அக்கா. சேலை இருந்தால் உடனே எழுது. இல்லாவிட்டாலும் இருக்கிறது என்றே எழுது. முனையில் மஞ்சள் தடவி, மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்று எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பாண்டி