பம்பருக்குப் பின்னால் வைத்த ஃபில்டர்

இன்று காலை ஒரு கஸ்டமர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஆன்லைனில் வாங்கிய ஏர் ஃபில்டர். கூம்பு வடிவம், பருத்தித் துணி மடிப்புகள், அவற்றின்மேல் சிவப்பு எண்ணெய். பெட்டியைத் திறந்ததும் அந்த எண்ணெய் வாசம் எழுந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, லாரி ஸ்டாண்டு சுவரோரம் வெகுநேரம் நின்றேன். உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது. நீ படிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய்.

தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள் நாம். உன் வீட்டாருக்கு மேலப்பாளையம், என் வீட்டாருக்கு நாசரேத். வடாலாவில் இந்த ஒர்க்‌ஷாப்பை எடுத்து, பன்னிரண்டு வருடம் ஒன்றாக நடத்தினோம். எஞ்சினும் லேப்டாப்பும் உன் பொறுப்பு. வெல்டிங், குழாய், தகடு எல்லாம் என் பொறுப்பு. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கஃப் பரேடிலிருந்தும் பாந்த்ராவிலிருந்தும் நம்மைத் தேடி வந்தார்கள். நம்மை என்று இப்போது எழுதுகிறேன். அவர்கள் தேடி வந்தது உன்னை.

செம்பூரில் கிளினிக் வைத்திருந்த அந்தப் பல் டாக்டர் தன் ஜெர்மன் காரைக் கொண்டுவந்தது ஒரு ஜனவரியில். எஞ்சின் இன்னும் தாராளமாக மூச்சு விட வேண்டும், மிதித்தால் சத்தம் கேட்க வேண்டும், அதற்கு ஏற்ற ஃபில்டர் எது என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் கையில் இருந்ததை மாட்டி அனுப்பியிருப்பார்கள். நீ மூன்று வகை ஃபில்டர்களை வரவழைத்தாய். மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டி, ஃப்ரீவேயில் ஒருமுறை, சயான் டிராஃபிக்கில் ஒருமுறை ஓட்டினாய். நான் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே போகும் காற்றின் சூட்டை வாசித்துச் சொன்னேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் குழாயின் உள்பக்கத்தை உன் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பாய்.

"இந்த எண்ணெ போட்டது நல்லாத்தான் காத்து விடுது," என்றாய். "ஆனா துணியப் பாருலே. மெட்ரோவுக்குத் தோண்டுன மண்ணு பூரா உள்ள போயிருக்கு. எண்ணெ கொஞ்சம் கூடுனாலும் காத்த அளக்குற சென்சார்ல போய் ஒட்டும்."

மூடியில்லாத கூம்பு ஃபில்டர், டிராஃபிக்கில் எஞ்சின் சூட்டையே திரும்ப உறிஞ்சியது. கடைசியில் நீ தேர்ந்தெடுத்தது எண்ணெய் இல்லாத, கெட்டியான ஒன்று. அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, காற்றை முன் கிரில்லின் மேல்பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னாய். பெட்டியை நான்தான் செய்தேன். டாக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சத்தம் போதவில்லை. ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கினால் குளிர்ந்த காற்றும் கிடைக்கும், சத்தமும் கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஜூலைல கிங் சர்க்கிள்ல தண்ணி எங்க நிக்கும்னு தெரியும்லா சார்?" என்று நீ கேட்டாய். "ஃபில்டர் தண்ணிக்குள்ள முங்குனா எஞ்சின் தண்ணியக் குடிக்கும். நான் செய்யமாட்டேன்."

ஏப்ரலில் உன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நீ ஊருக்குப் போனாய். மறுவாரமே டாக்டர் வந்தார். அவருடைய கார் கிளப் லோனாவலா போகிறதாம். அதற்குள் அந்தக் கீழ் ஃபில்டரை மாட்டித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் வெல்டிங்கைக் கையால் தடவிப் பார்த்து, "இந்த வேலையை பம்பாய்ல வேற யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க," என்றார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கஸ்டமர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. உன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. நீ உயிரோடு இருந்தவரை இதை எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

இரண்டு நாளில் குழாயை வளைத்து, பற்றவைத்து, சிவப்பு எண்ணெய் பூசிய ஒரு கூம்பு ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் இறக்கினேன். அழகான வேலை. வண்டியை எடுக்கும்போது டாக்டர் கேட்டார், "உங்க பார்ட்னர் ஓகே சொன்னாரா?"

"போன்ல கேட்டுட்டேன் சார். சரின்னுட்டான்," என்றேன்.

நீ திரும்பி வந்தாய். நான் சொல்லவில்லை. மழைக்கு முன் சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மே கடைசியில் டாக்டரைக் கூப்பிட்டேன். அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றார். மறுபடி கூப்பிடவில்லை.

ஜூலையில் காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் அளவு தண்ணீரில் அந்தக் கார் நின்றுபோனது. டோ வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். நீ எஞ்சினைப் பிரித்தபோது, தண்ணீர் புகுந்ததில் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து கிடந்தது. டாக்டர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "வேண்டாம்னு முதல்ல சொன்னவர் நீங்க. அப்புறம் போன்ல சரின்னு சொன்னதும் நீங்கதானே? எதை நம்பி உங்ககிட்ட வண்டியை விடறது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து குழாயின் கிளாம்பைத் தளர்த்துவதுபோல் இருந்தேன். நீ அவரிடம் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை.

அவர் போன பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாய். "ஏலே, நான் சரின்னா சொன்னேன்?"

நான் கழன்ற கிளாம்பை எடுத்துத் துணியால் துடைத்தேன். நீ இன்னும் கொஞ்ச நேரம் நின்றாய். நான் ஏதாவது சொல்வதற்காகத்தான் நின்றாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

டாக்டர் கார் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் உன் பெயரைப் போட்டு எழுதினார். ஒரு மாதத்தில் போன் வருவது நின்றது. ஆகஸ்டில் நீ லேப்டாப்பையும் உன் டூல் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, வாஷியில் ஒரு கேரேஜில் சம்பளத்துக்குச் சேர்ந்தாய். குடும்பத்தையும் அங்கேயே கூட்டிப்போனாய். சண்டை போட்டிருந்தால் நானும் கத்தி, அதில் உண்மை வெளியே வந்திருக்கும். நீ அதற்கும் இடம் வைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, போன மார்ச்சில், கேரேஜில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கபர்ஸ்தானில் கடைசி வரிசையில் நின்று நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். உன் மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து, "உங்க ஃப்ரெண்ட்ஷிப் மாதிரி வராது," என்று அழுதான். அதையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு மதியம் செம்பூர் கிளினிக்குக்குப் போனேன். பல்வலிக்காரர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, என் முறை வந்ததும் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் மாஸ்க்கை இறக்கி, கண்ணைச் சுருக்கி யோசித்தார்.

"அந்த வண்டியா? அதை அப்பவே வித்துட்டேனே," என்றார். "அது நான் குரூப்ல ஏதோ கோவத்துல எழுதினது. யார் ஞாபகம் வச்சிருக்கா?"

"குரூப்ல இப்ப ஒரு வரி எழுதுங்க சார். அவன்மேல தப்பில்லைன்னு."

"அந்த குரூப்பே இப்ப இல்லையே," என்றார். வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மீதி இருந்தது உன் வீடு. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் வாஷிக்குப் போனேன். உன் மனைவி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவுக சரின்னு சொல்லிருக்க மாட்டாகன்னு எனக்கு அப்பவே தெரியும்ணே," என்றார். "யாரு சொன்னதுன்னும் தெரியும். அவுக வாயால கேக்கல. நானா வெளங்கிக்கிட்டேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"எங்கிட்ட கேட்டு என்ன ஆவப்போவுது? இங்க வந்த முதல் வருசம் பூரா ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா அவுக வெளிய எங்கயும் போவமாட்டாக. பிள்ளைய பீச்சுக்குக் கூட்டிப்போங்கன்னு சொல்லுவேன். அவன் வந்தாலும் வருவான், வீடு பூட்டிக் கிடந்தா திரும்பிப் போயிருவான்னு உங்களத்தான் சொல்லுவாக. அப்புறம் ஒருநாள் அவுகளே பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாக. அதுக்குப் பெறவு உங்க பேச்சு எடுக்கல."

டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நீ எனக்காகக் காத்திருந்தாய் என்பது இந்த ஒரு வாரமாகத்தான் எனக்குத் தெரியும். இனி இருக்கும் காலமெல்லாம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். வடாலாவிலிருந்து வாஷிக்கு ஹார்பர் லைனில் அரை மணி நேரம்தான். அந்த வருடத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் அந்த ரயிலில் ஏறவில்லை.