ஊல்யாவுக்கு டிக்கெட் எடுக்கும் விஷயம்

தலோவ்கா, மே 14

அன்பு மகள் ரிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் ஊல்யாக்குட்டியும் மூர்மான்ஸ்க் குளிரில் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். லீவு விட்டதும் பிள்ளையை அனுப்ப ரயில் டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். பத்து நாளாகப் பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, அந்தப் பதில் இந்த வீட்டில் இன்றைக்குத்தான் முடிவானது.

போன கோடையில் இங்கே மழையே இல்லை. சதுப்பில் கால் வைத்தால் பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறுமே, அதே இடத்தில் நான் வீட்டுச் செருப்போடு நடந்து பழம் பறித்தேன், பாசி காய்ந்த ரொட்டி மாதிரி நொறுங்கியது. அப்பா எப்போதும் போல மாடுகளைக் கொசு பிடுங்காமலிருக்க பழைய வடிகால் வாய்க்கால் ஓரத்துப் பாசியில் புகைமூட்டம் போட்டார். காட்டுக்குள் போட்டால் மரம் பிடித்துக்கொள்ளும், சதுப்பில் போட்டால் தானே அணையும் என்றுதானே நம் ஊரில் எல்லாரும் அங்கே போடுகிறோம். சாயங்காலம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, முப்பதடி தள்ளி ஒரு பிர்ச் மரம் காற்றே இல்லாமல் சாய்ந்தது. இலையெல்லாம் பச்சை, வேர் மட்டும் கரி. நெருப்பு அணையவில்லை, மண்ணுக்கு அடியில் மக்கிக் காய்ந்து கிடந்த பாசியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து போயிருக்கிறது. பக்கத்து வீட்டு யெகோர் வந்து, யெஃபிம் அண்ணே, உங்க சதுப்பு பீடி குடிக்கக் கத்துக்கிச்சு போலிருக்கே என்று கேலி பண்ணினார். சதுப்பாவது எரியறதாவது, போய் வேலையப் பாருடா என்று அப்பா அவரை விரட்டாத குறை.

செப்டம்பரில் காற்று எழும்பியதும் தீ மேலே வந்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துப் பைன் காட்டை முழுசாகத் தின்றது. வாய்க்கால் வெட்டாத பக்கம் பாசி நனைந்தே கிடந்தது, அங்கே போனதும் நின்றுவிட்டது. பத்தடிக்குள் கரியும் பச்சையும் அடுத்தடுத்து இருந்ததை நானே பார்த்தேன். பனி விழுந்தது, தொல்லை ஒழிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். ஜனவரியில் புல்கட்டு ஏற்றிவரப் போனால் ஓரிடத்தில் பனியே தங்கவில்லை, ஆவி வந்துகொண்டிருந்தது, குதிரை அங்கே போய் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. ஏப்ரலில் பனி உருகியதும் பழையபடி புகை. போன வாரம் நம் சிவப்புப் பசுவின் முன்னங்கால் தரையை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. மேலே நல்ல புல், கீழே தணல். அப்பாவும் யெகோரும் கயிறு கட்டி இழுத்து எடுத்தார்கள், கால் முட்டிவரை வெந்திருந்தது, பசுவையே அறுக்க வேண்டியதாயிற்று. எனக்கு அழுகை நிற்கவில்லை. ஊல்யா பழக்கூடையோடு ஓடுகிற பாதை ரிம்மா அது.

அன்றைக்கு மறுநாளிலிருந்து அப்பா பலகையும் களிமண்ணும் கொண்டுபோய், சதுப்பு மறுபடி நனைந்து தீ அணையட்டும் என்று வாய்க்காலை அடைத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் ஒரு சாண் ஏறியிருக்கிறது, இன்னும் நிறைய ஏற வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், பிள்ளை வரட்டும் என்று அடம்பிடித்தது நான்தான். வருஷத்தில் இரண்டு மாதம், அதுவும் இல்லையென்றால் எனக்கு என்ன இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். இன்று காலை அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். வேணாம் கிளாவா, அவள அனுப்பக் கூடாதுன்னு எழுது, அந்த மூட்டத்தப் போட்டது நான்தான்னும் எழுது என்றார். யெகோரிடம்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷர். குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். அவளுக்கும் சொல்லட்டும், தாத்தாமேல கோவம் வந்தா வரட்டும், கைகால் முழுசா இருந்து கோவிச்சுக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாய்க்காலுக்குக் கிளம்பிவிட்டார்.

அதனால் டிக்கெட் எடுக்காதே மகளே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, ஊல்யாவின் இரண்டு கன்னத்திலும் எனக்காக முத்தம் கொடு. போன வருஷத்துப் பழ ஜாமைப் பார்சலில் அனுப்புகிறேன், மூடி இறுக்கமாக இருக்கும், கத்தியால் நெம்பிக் கையைக் கிழித்துக்கொள்ளாதே.

உன் அம்மா,
கிளாவ்தியா