பாய் ஏறாத கப்பல்

இன்று காலை வண்டி அரக்கோணத்தைத் தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள். பெண்கள் பெட்டி முழுக்க வாடை பரவியது. பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அது உன் வீட்டு முன்னறையின் வாடை. பெயின்ட் டப்பாவை நீ திறந்து வைத்துவிட்டு மூட மறந்தால் இப்படித்தான் வீசும். "மூடி வைடி, தலைய வலிக்குது" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இதை எழுதுவதால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கும் ஆறுதல் வரும் என்று தோன்றவில்லை. ஆனாலும் உன்னிடம் பேசாமல் இந்த வண்டியில் உட்கார்ந்திருப்பது இன்னும் பழகவில்லை.

நீ கே.ஜி.கண்டிகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வந்து இறங்குவாய். நான் திருத்தணி மலையடிவாரத்திலிருந்து நடந்து வருவேன். பெரம்பூரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் எனக்கு வேலை. நீ கடைசிவரை போவாய், பீச் ஸ்டேஷனுக்கு. துறைமுகத்தின் பக்கத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் பில் அடிக்கும் வேலை உனக்கு. நம் பெட்டியில் ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள், ஒருத்தி பூ கட்டுவாள், ஒருத்தி தலை பின்னிக்கொள்வாள். நீ மட்டும் மடியில் பழைய துண்டை விரித்து, மெல்லிய மரப்பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பாய்.

"இன்னாக்கா, தொடப்பக்குச்சியா?" என்று பூக்காரம்மா கேட்டாள்.

"கப்பல்" என்றாய் நீ.

"கப்பலா? எங்க கீது?"

"இதான். இன்னும் ஆவல."

பெட்டியே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. மரத்தூளைத் துண்டோடு சுருட்டி, ஜன்னலுக்கு வெளியே உதறிவிட்டு, அடுத்த பட்டையை எடுத்தாய். அன்றுதான் நான் இடம் மாறி உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் நினைவிருக்கிறது. உன் மேலதிகாரியின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழங்காலத்துப் பாய்மரக் கப்பல் பொம்மை இருந்ததாம். ஆபீஸ் வேறு கட்டடத்துக்கு மாறியபோது கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். "எல்லாரும் ஐயோ போச்சேன்னு நின்னுகினு இருந்தாங்க. நான் உள்ள பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்லடி. வெறும் விலா எலும்பு, வரிசையா. அதான் எனக்குப் புடிச்சிப்போச்சி." அந்த விலா எலும்புகளுக்காகவே நீ ஒரு வரைபடம் தேடிப் பிடித்து, பெரிய தாளில் அச்செடுத்து வைத்திருந்தாய். மரம் அறுக்கும் மில்லில் கழித்துப் போட்ட தேக்குச் சிம்புகளை வாங்கி, பட்டை பட்டையாக அறுத்துக்கொண்டாய்.

பட்டைகளைக் கப்பலின் வயிற்றுக்கு ஏற்ப வளைக்க வேண்டும். அதற்கு அவை சுடுநீரில் ஊற வேண்டும். நீ அவற்றை பிளாஸ்கில் போட்டு வண்டிக்கே எடுத்து வந்துவிட்டாய். திருவள்ளூரில் ஏறும் டீச்சர் ஒருவர், "எனக்கும் ஒரு வாய் காபி குடும்மா" என்று டம்ளரை நீட்ட, நீ மூடியைத் திறந்து பழுப்புத் தண்ணீரில் நிற்கும் குச்சிகளைக் காட்டினாய். அவர் டம்ளரை உள்ளே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல மாதம் உன்னைப் பார்த்தால், "இன்னிக்கி கசாயம் உண்டா?" என்பார். நீ சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே உனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டே வளர்ந்தாய். கல்யாணமான கொஞ்ச நாளில் உன் வீட்டுக்காரர், நோயாளியோடு குடும்பம் நடத்த முடியாது என்று கொண்டுவந்து விட்டுவிட்டார். அப்போதிருந்து நீயும் உன் அப்பாவும்தான்; உங்கள் தெலுங்கு வீட்டில் அவர் நைனா. இதையெல்லாம் நீ அழுதுகொண்டு சொல்லவில்லை. கப்பல் விலாவை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாய்.

ஒரு காலை வண்டி திருவாலங்காட்டில் நின்றபோது ஜன்னலைத் துடைத்தாய். திரும்பத் திரும்பத் துடைத்தாய்.

"கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு" என்றேன்.

"இல்ல, கறுப்பா ஒரு நூலு ஓடுது பாரு."

எனக்கு எதுவும் தெரியவில்லை. நூல் கண்ணாடியில் இல்லை, உன் கண்ணுக்குள் இருந்தது. ரத்தக் கசிவு என்றார் கண் டாக்டர். லேசர் வைத்தார்கள், கண்ணிலேயே ஊசி போட்டார்கள். நான்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இருக்கறத காப்பாத்தப் பாக்கலாம்மா. போனது வராது" என்றார் அவர். வெளியே வந்து படியில் உட்கார்ந்து நீ கேட்ட முதல் கேள்வி, "பெயின்ட் அடிக்கிற வரைக்குமாவது இருக்குமா?" என்பது. எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. வேலை போய்விடும், பஸ் நம்பர் தெரியாது, நைனாவுக்கு வயதாகிறது. இவள் கப்பலுக்கு வர்ணம் அடிப்பதைப் பற்றிக் கேட்கிறாளே என்று.

வேலையை நீயே விட்டாய். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நான் கண்டிகைக்கு வர ஆரம்பித்தேன். முன்னறையில் மேசைமேல் கப்பல் உடம்பு தயாராக இருந்தது. பட்டைகளெல்லாம் ஒட்டி, இடைவெளிகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உள்ளங்கையில் வழுக்கும்படி தேய்த்து வைத்திருந்தாய். அடிப்பக்கத்துக்கு வெள்ளை, மேலே கறுப்பு, நடுவில் முன்னிலிருந்து பின்வரை ஒரு மஞ்சள் கோடு. வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து அடித்தோம். மஞ்சளை மட்டும் நானே போடுவேன் என்றாய்.

நீ போட்டாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூக்கு மரத்தில் இடிக்கும்படி குனிந்து போட்டாய். முடித்து நிமிர்ந்து, "நேரா இருக்கா?" என்றாய்.

கோடு நடுவில் பாம்புபோல நெளிந்திருந்தது.

"இல்லடி. வளைஞ்சிருக்கு."

"எனக்கு நேரா தெரியுது." வாசல் பக்கம் திரும்பினாய். பிறகு, "எங்க நிலைக்கதவு வளைஞ்சி கீதா?" என்று கேட்டாய்.

"நேராத்தான் இருக்கு."

"எனக்கு அது வளைஞ்சி கீது. அப்போ சரிதான்." நேரான கோடுகளெல்லாம் உன் கண்ணுக்கு நெளிந்து தெரிய ஆரம்பித்துவிட்டன. உன் கண்ணுக்கு நேராகும்வரை நீ கோட்டை வளைத்திருக்கிறாய்.

மறுபக்கத்தை என்னைப் போடச் சொன்னாய். நான் அளந்து, ஒட்டுநாடா ஒட்டி, நேராகப் போட்டேன். நீ வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "ஐய, கோணலா போட்டுட்டியே" என்றாய். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். யார் முதலில் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. நைனா எட்டிப் பார்த்தபோது நீ அழுதுகொண்டிருந்தாய். "ஏமாயிந்தம்மா?" என்று கேட்டார். "பெயிண்டு கண்ல பட்டுச்சி நைனா" என்றாய். அவர் நம்பியதுபோல உள்ளே போனார்.

அடுத்தது சிறுநீரகம். கண்ணைப் பிடித்த சர்க்கரை அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. கால் வீங்கியது, சோறு வாய்க்குப் பிடிக்கவில்லை, பிறகு டயாலிசிஸ். நைனா தன் கிட்னியைத் தருவதாகச் சொல்லிப் பரிசோதனைக்குப் போனார். அவருக்கும் சர்க்கரை இருந்தது, அதுவரை அவருக்கே தெரியாது. எடுக்க மாட்டோம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானே குடுத்தேன்மா அவளுக்கு இந்த நோவ. கொடுக்க வேண்டியத குடுக்க வழியில்ல" என்று அவர் அழுததை நான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்துதான் இருக்கும்.

அப்போது கயிறு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆர்.கே.பேட்டைத் தறியிலிருந்து வாங்கிய பருத்தி நூலுக்கு மெழுகு தடவி, பாய்மரத்திலிருந்து இரு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். உனக்கு அநேகமாகப் பார்வை போய்விட்டது. விரல்களால் தடவித் தடவி முடிச்சுப் போட்டாய். டயாலிசிஸ் நாளில் ஒரு கையை அசைக்கக் கூடாது. இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பாய்மரத்தில் ஏறும் நூல் ஏணிகளுக்கான முடிச்சுகளை அங்கேயும் போடுவேன் என்று அடம்பிடித்தாய். உன் ஒரு கை, என் ஒரு கை. நீ நூலைப் பிடிப்பாய், நான் சுற்றுவேன், நீ இழுப்பாய்.

"இது ஆஸ்பத்திரியா, பூ கட்ற எடமா?" என்று நர்ஸ் திட்டினாள்.

"பூ இல்ல சிஸ்டர், கப்பல்" என்றாய்.

"எப்போ முடியும்?"

"முடியாது சிஸ்டர்."

அவள் போனதும், "ஏன்டி அப்டி சொல்ற? பாய் தச்சிட்டா முடிஞ்சிது. ரெண்டு பேரா சேந்தா முடிச்சிரலாம்" என்றேன். நீ கண்ணை மூடியபடியே சொன்னாய்: "எஸ்தர், எனக்கு ஜெபம் பண்ணு, வேணான்னு சொல்லல. ஆனா பொய் சொல்லாத. முடியாதுன்னு தெரிஞ்சிதான் கட்டிகினு இருக்கேன்."

அன்றும் ஜெபம் செய்தேன். கேட்டது எதுவும் கிடைக்கவில்லை.

கடைசி மாதங்களில் காலை வண்டியிலிருந்து உனக்குப் போன் செய்வேன். ஜன்னலில் தெரிவதைச் சொல்லச் சொல்வாய். ஏரியில் தண்ணீர் பாதி இருக்கிறது, பூக்காரம்மா பச்சைப் புடவை, டீச்சருக்கு முடி நரைத்துவிட்டது என்று சொல்வேன். "அப்புறம்?" என்பாய். சொல்வேன். "அப்புறம்?" ஆவடி வரும்வரை இப்படியே போகும். நீ நடுவில் தூங்கிவிட்டது மூச்சில் தெரிந்தாலும் நான் நிறுத்தமாட்டேன்.

ஐப்பசி மழையில் உனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு உன்னைப் பார்க்க வண்டியில் வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. நைனா, "அம்மா... லேதும்மா" என்றார். இல்லை என்பதற்கு உங்கள் வீட்டில் அதுதான் சொல். அதற்கு மேல் அவருக்குத் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. எங்கே இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

கப்பலை நைனா என்னிடம் கொடுத்துவிட்டார். மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். பாய்க்கு நீ எடுத்து வைத்திருந்த துணியும் கூடவே வந்தது. வெட்டி, ஓரம் அடித்து, கட்டிப் பார்த்தேன். மழைக்காலத்தில் நூல் தளர்கிறது. ஒரு பக்கத்தை இழுத்துக் கட்டினால் மறுபக்கம் தொய்கிறது, பாய்மரம் சாய்கிறது. நீ எந்த முடிச்சை முதலில் போட்டாய், எது எதைத் தாங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் முடிச்சுகளை அவிழ்த்தால் சரிசெய்ய முடியும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கத்தரிக்கோலை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். துணியை மடித்துப் பெட்டியில் போட்டேன். இனி அதற்குப் பாய் ஏறாது. வீட்டுக்கு வருபவர்கள், "எங்க வாங்கினீங்க?" என்கிறார்கள். ஒரு பக்கத்துக் கோடு ஏன் கோணலாக இருக்கிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவேன்.

போன மாதம் கிளினிக்கைச் சீக்கிரம் மூடினார்கள். ஊருக்கு வரும் வண்டியில் ஏறாமல் மெரினாவுக்குப் போனேன். இத்தனை வருடம் ஒன்றாகப் போய்வந்தும் நீயும் நானும் கடல் எதிரில் நின்றதே இல்லை. எனக்கு அங்கே ஏதாவது தோன்றும், உன்னைப் பற்றி ஏதாவது ஒன்று புரியும் என்று நினைத்தேன். அலை வந்தது, போனது. செருப்பு நனைந்தது. தூரத்தில் சில கப்பல்கள் நின்றன, எல்லாம் இரும்பு. "தண்ணி சாம்பக் கலர்ல இருக்குடி. கரையில ஒரு நாய் தூங்குது. ஒரு பொண்ணு அவங்கம்மா புடவைய புடிச்சிகினு கால நனைக்குது" என்று வாய்விட்டே சொன்னேன். சுண்டல் விற்பவர் நான் போனில் பேசுவதாக நினைத்து ஒதுங்கிப் போனார்.

சொல்லி முடித்துவிட்டுச் சற்று நேரம் நின்றேன். நீ "அப்புறம்?" என்று கேட்கவில்லை.

பார்ப்பதையெல்லாம் உனக்குச் சொல்வதற்காகப் பார்க்கும் பழக்கம் என்னோடு தங்கிவிட்டது. அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்று மாலையும் நான் திருத்தணியில் இறங்கும்போது மலைப் படிக்கட்டில் விளக்கு போட்டிருப்பார்கள். நின்று பார்ப்பேன். எந்தப் படிவரை எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று மனத்துக்குள் ஒழுங்காகச் சொல்லி முடிப்பேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன்.