திரும்பி வரும் ரத்தம்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணனுக்கு நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறதாம்; இதய வால்வு மாற்ற வேண்டுமாம். அதுவும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. போனில் சொன்ன அண்ணி, கடைசியில் இழுத்து இழுத்து, "மெஷின்ல நீ மட்டும் வேண்டாம்னு சொல்றார்மா" என்றாள்.

அப்பாவின் ஆபரேஷனில், நிறுத்திய இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் இதய நுரையீரல் மெஷினை இயக்கியது நான்தான். அது நன்றாகவே முடிந்தது. பிறகு வார்டில் கிருமி தொற்றித்தான் போனார். அண்ணன் காதில் அதெல்லாம் ஏறாது. "நீதானே ஓட்டினே?" அதோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான்.

வேண்டாமென்றால் போகட்டும். எனக்கென்ன?

மார்ச் 5, வியாழன்

எனக்கென்ன என்று எழுதியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அண்ணனுக்கு மெஷின் ஓட்டப்போவது என் ஜூனியர் பையன்; நாங்கள் வைத்த பேர் எக்ஸ்பிரஸ். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று திரையில் ஓர் எண் காட்டும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் உடம்புக்குப் போதவில்லை என்று அர்த்தம். ஆனால் ஆரம்பத்திலேயே ரத்தம் எடுத்து, லேப் முடிவோடு அந்த எண்ணைப் பொருத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் திரை வாய்க்கு வந்ததைச் சொல்லும். அவனிடம் நினைவுபடுத்தினேன். "எனக்கேவாக்கா?" என்று சிரித்தான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று அண்ணனுக்கு ஆபரேஷன்.

வெளியே அண்ணியோடு உட்கார முடியவில்லை. தொப்பி, மாஸ்க் மாட்டிக்கொண்டு தியேட்டர் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். திரையில் எண்பத்திரண்டு. திரும்பி வரும் குழாயிலோ, ஆக்சிஜன் வற்றிக் கறுத்த ரத்தம், பால் விடாத காப்பி நிறம். டேய், கண்ணு தெரியலையா உனக்கு!

உள்ளே போய்விட்டேன். "லேபுக்கு அனுப்பினியா?"

"நம்பர் நல்லாத்தானே இருந்துச்சுக்கா..."

ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் பம்பின் ஓட்டத்தைக் கூட்டினேன் – நானே, என் கையால். முடிவு வந்தது: ஐம்பத்து நாலு. சர்ஜனிடம் சொன்னேன். "இங்க யாரு ஓட்டறது, நீயா அவனா?" என்று மட்டும் கேட்டார். குழாயில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

எக்ஸ்பிரஸ் அழுதுவிட்டான். "நடந்ததை நானே போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லிடறேன்க்கா."

"உன் தப்பைச் சொல்லு. என் பேச்சை எடுக்காதே. கண் முழிக்கும்போதே அவனுக்கு எரிச்சல் வேண்டாம்."

மார்ச் 13, வெள்ளி

அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம்.

மார்ச் 16, திங்கள்

வார்டுக்குப் போனேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல். "அந்தப் பையன் வந்து மன்னிப்பு கேட்டான், பாத்தியா? தப்பை ஒத்துக்கிட்டான். அவன் மனுஷன். நல்லவேளை மெஷின்ல அவ இல்ல. இருந்திருந்தா நானும் அப்பா பின்னாடியே போயிருப்பேன்."

அன்றைக்கு நான் உள்ளே போனது அண்ணிக்கும் தெரியாதே.

அவ்வளவு பேசியும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டுதான் திரும்பினேன்.