ஓட்டை விழாத தட்டு

இன்று காலை லேபில், கிருமி வளர்க்கும் தட்டுகளுக்காகக் கடற்பாசி அகார் காய்ச்சினேன். குக்கர் ஆவியோடு அந்தப் பாசி வாடை எழுந்ததுமே நீ வந்துவிட்டாய். "கெட்டுப்போன கல்யாணக் குழம்பு மாதிரி இருக்குடி" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அப்படியே. ஜன்னலுக்கு வெளியே மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. எந்த வருஷத்தில் நிற்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

எம்.எஸ்ஸி. முடித்த கையோடு செங்கம் சாலையில் நாம் இருவரும் தொடங்கிய லேப் இது. கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாய். ஊருக்கெல்லாம் சர்க்கரை பார்த்துச் சொல்லும் உனக்கே சர்க்கரை இருந்தது. கேட்டால், மேஜை டிராயரில் ஜிலேபியை ஒளித்துவிட்டுச் சிரிப்பாய். ஒரு பௌர்ணமிக்கு வழக்கம்போல் செருப்பில்லாமல் கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலை பக்கம் குதிகாலில் ஏதோ குத்தியிருக்கிறது. காலில் உனக்கு உணர்ச்சி கம்மி. வீட்டுக்குப் போய்த்தான் ரத்தத்தைப் பார்த்திருக்கிறாய்.

புண் ஆறவில்லை. அதிலிருந்த பாக்டீரியா எந்த மருந்துக்கும் மசியவில்லை. நம் தட்டிலேயே வளர்த்துப் பார்த்தோம், பச்சைப்பசேலென்று செழித்தது. ஒரு மாதம் பார்க்கலாம், இல்லையென்றால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

பாக்டீரியாவையும் பிடித்துத் தின்னும் வைரஸ்கள் உண்டு என்று படித்திருந்தோம் அல்லவா? அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலப் பாதைச் சாக்கடையில் கிடைக்காத கிருமி இருக்காது என்று பாட்டிலோடு கிளம்பினேன். அந்தத் தண்ணீரை வடிகட்டி, உன் புண்ணின் பாக்டீரியா மேல் விட்டேன். மறுநாள், பாக்டீரியா படர்ந்த தட்டில் அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாக ஓட்டைகள். வைரஸ் தின்ற இடங்கள். நீ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாய்.

டாக்டருக்குத் தெரியாமல் அந்த வைரஸைப் புண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டோம். ஒரே வாரத்தில் சீழ் வற்றியது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஜாஸ்தி போட்டால் சீக்கிரம் ஆறிவிடும் என்று, புண்ணைச் சுற்றி தினமும் ஊசியாகவும் போட்டேன். எல்லாம் என் அவசரம். மூன்றாவது வாரம் சீழ் திரும்பி வந்தது.

உன் ரத்தத்தில் கொஞ்சம், என் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, அதன் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்தேன். இரண்டையும் தனித்தனியாக வைரஸோடு கலந்து, பாக்டீரியாவோடு தட்டில் ஊற்றினேன். என் சீரம் இருந்த தட்டில் எப்போதும் போல ஓட்டைகள். உன் தட்டில் ஒன்றுகூட இல்லை. வைரஸ் தன் வால் நுனியால்தான் பாக்டீரியாவைப் பற்றும். நான் திரும்பத் திரும்ப ஊசியில் அனுப்பியதை உன் உடம்பு அந்நியன் என்று அடையாளம் கண்டு, எதிர்ப்பொருளைச் செய்து அந்த நுனியில் ஒட்டவைத்துவிட்டது. கை கட்டப்பட்டவன் எந்தக் கதவைத் திறப்பான்? அத்தனை வைரஸும் பாக்டீரியாவுக்குப் பக்கத்திலேயே சும்மா மிதந்துகொண்டிருந்திருக்கும். வேறொரு வைரஸைத் தேட நமக்கு நாள் மிச்சமில்லை.

இரண்டு தட்டையும் உன் முன்னால் வைத்தேன். தட்டைப் பார்த்தே நீ புரிந்துகொண்டாய்.

"அழாதடி. நல்லதுக்கு வந்தது எது, கெட்டதுக்கு வந்தது எதுனு என் உடம்புக்குத் தெரியல. உனக்காவது தெரிஞ்சிருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்."

வேலூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். செயற்கைக் காலோடு அதே முதல் பஸ்ஸில் பத்து வருஷம் வந்தாய். ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருக்கலாம், எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு சிறுநீரகம் கைவிட்டது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. அன்று மிஞ்சிய உன் சீரத்தை நான் கொட்டவில்லை. ஃப்ரீஸரில் சின்னக் குப்பியில் இருக்கிறது. கரண்ட் போனால் உருகிவிடுமே என்றுதான் லேபுக்கு இன்வெர்ட்டரே வாங்கினேன். போன வாரம் அதில் ஒரு சொட்டு எடுத்து, கூடவே எடுத்துவைத்திருந்த பழைய வைரஸோடும் பாக்டீரியாவோடும் கலந்து தட்டில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சீரம் விடாத இன்னொரு தட்டில் பழையபடி ஓட்டைகள், உன் தட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை.

நான் உனக்குள் அனுப்பியதை நீ இன்னும் மறக்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, உன்னிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன்.