சோலார் வேலியில் நாய் சாகாது

மச்சான்,

இன்று காலை டெஸ்டரை எடுத்து உன் வேலிக் கம்பியில் வைத்தேன். நாம் போடுகிற சோலார் வேலியில் அது விட்டு விட்டுத்தானே மின்னும், நொடிக்கு ஒரு தடவை? உன் வேலியில் அணையாமல் எரிந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் மனைவிதான் போன் செய்திருந்தாள். "அண்ணா, வேலியாண்ட ஒரு நாயி செத்துக் கெடக்குது. கொஞ்சம் வந்து பாக்குறியா?" கருங்குழி தாண்டி உன் நிலத்துக்கு வந்து சேரும்வரை எனக்குச் சந்தேகமே வரவில்லை. சோலார் வேலியில் நாய் சாகாது, பன்றியும் சாகாது. சுரீரென்று ஓர் அடி வாங்கிக்கொண்டு ஓடிவிடும். ஊர் ஊராகப் போய் நாம் சொன்னது இதைத்தானே. நாயின் கருகிய மூக்கைப் பார்த்த பிறகுதான் பையில் கையை விட்டேன். இல்லாவிட்டால் வழக்கம்போல் விரலைத்தான் வைத்திருப்பேன். பழக்கிவிட்டவன் நீ. "டெஸ்டர் எதுக்குடா, அதான் வெரல் கீதே" என்பாய்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு தர்பூசணிக் கொல்லைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கொல்லைக்காரர் லைன் கரண்டையே நேராக வேலிக்குக் கொடுத்து வைத்திருந்தார். நீ மெயினை அணைத்துவிட்டு ஒயரை வெட்டி அவர் காலடியில் போட்டாய். "பன்னிக்கு வெச்சா பன்னி மட்டுந்தான் வருமா? உன் பொண்டாட்டி வருவா, தண்ணி கட்டுறவன் வருவான். கொலகாரனாப் போவணுமா?" என்று கத்தினாய். வயதில் பெரியவர், கையெடுத்துக் கும்பிட்டார். உன்னோடு வேலை செய்வதில் எனக்கு அன்று அப்படியொரு பெருமை.

அந்த நீதான், மச்சான். மோட்டார் கொட்டாயிலிருந்து பூமிக்கடியில் பைப் போட்டு, அதற்குள் ஒயர் ஓட்டி, வேலிக் கம்பம்வரை கொண்டுபோயிருக்கிறாய். இணைப்பில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்ததுமே உன் கை என்று தெரிந்துவிட்டது. அவ்வளவு சுத்தம். பகலில் சோலார், இருட்டினால் கரண்ட். இதே கம்பியைத்தான் பகலில் வேலி வாங்க வருகிறவர்களை எல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். நானும் சிரித்துக்கொண்டே பிடித்துக் காட்டினேனே, பாவி!

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நம் தெருவில் சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் நீ. உன் அப்பாவும் என் அப்பாவும் கடைசிவரை அடுத்தவன் நிலத்தில் களை எடுத்தவர்கள். சோலார் வேலி போட்ட பிறகும் பன்றிகள் ஒரே பாய்ச்சலாக உள்ளே பாய்ந்து உன் வேர்க்கடலையைக் கிளறிப் போட்டன. பிடுங்கிக் கிடந்த செடிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் மசியாதுடா அதுங்க" என்றாய். நான் கிண்டல் செய்தேன். அன்றைக்கு உன் முகத்தை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும்.

கொட்டாயில் இருந்த சுவிட்சைக் காட்டி உன் மனைவியிடம் கேட்டேன்.

"அதுவா? ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுட்டு விடியங்காட்டியும் அணைச்சிடணும், பேட்டரிக்கு சார்ஜ் ஏறும்னு சொல்லிக் குடுத்தாரு. இன்னிக்குக் கண்ணு அசந்துட்டேன், எழுந்ததும் நாயப் பாத்த பதட்டத்துல அணைக்கவும் மறந்துட்டேன். எதனா தப்பாயிடுச்சாண்ணா?"

நெஞ்சுவலியில் நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நாற்பது ராத்திரியும் அவள் கையாலேயே போட்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அறைந்துவிட்டு அழுதிருப்பேன்.

மெயினை அணைத்து, ஒயரை இரண்டு பக்கமும் வெட்டி உருவினேன். சுவிட்ச் கெட்டுப்போய்விட்டது, இனிமேல் தேவையில்லை என்றேன். நாய் எங்கேயோ விஷம் தின்றிருக்கும் என்றேன். நாம் வேலி போட்ட மற்ற நிலங்களுக்கும் நாளையிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கப் போகிறேன். உன்னை நம்பி விட்டுவைக்க இனி என்னால் முடியாது.

கிளம்பும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சுவிட்சு போட்டதும் வூட்டுக்கு ஓடியாந்துடு, நெலத்துல எறங்காத, பாம்பு கீதுன்னு தெனைக்கும் சொல்லுவாருண்ணா. வேலைக்கு வெளியூர் போயிருந்தாலும் போன் போட்டுச் சொல்லுவாரு. எம்மேல அவ்ளோ அக்கறை அவருக்கு."

"ஆமாம்மா" என்றேன். உன் டேப் சுற்றிய ஒயரை அவள் கண்ணில் படாமல் பைக்குள் திணித்துக்கொண்டேன், மச்சான்.